வாசல் கதவுக்கு மேலே ஒரு பெட்டி

நம் நாட்டுத் தாமான் வீடுகளில் வாசல் கதவுக்கு மேலே பெரும்பாலும் இரண்டு பொருள்கள் இருக்கும். ஒன்று சாமி படம். மற்றொன்று, அந்தப் படத்திலிருந்து சற்றுத் தள்ளி, பிளாஸ்டிக் மூடி போட்ட ஒரு பெட்டி. முதலாவதை வாரந்தோறும் துடைத்துப் பூ வைக்கிறோம். இரண்டாவதைக் கரண்டு போனால் மட்டும் அண்ணாந்து பார்க்கிறோம். நாற்காலி போட்டு ஏறி, கீழே விழுந்து கிடக்கும் சுவிட்சை மேலே தள்ளிவிட்டு இறங்கிவிடுகிறோம். அது ஏன் விழுந்தது என்று கேட்பவர் எத்தனை வீடுகளில் இருக்கிறார்? எங்கள் வீட்டில் ஒருவர் இருந்தார். என் அப்பா ஒரு வயர்மேன்.

தொடர்வதற்கு முன் ஒரு சொல். தமிழ்மொழிக் கழகத்து மலரில் இத்தனை ஆங்கிலச் சொற்களா என்று ஆசிரியர் குழு முகம் சுளிக்கக்கூடும். மின்கசிவுத் துண்டிப்பான் என்று அழகாக எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் கடையில் போய் அப்படிக் கேட்டால் கடைக்காரர் நம்மைத்தான் துண்டித்துவிடுவார். அப்பா வாயில் வந்த சொற்களையே இங்கே பெரும்பாலும் வைத்திருக்கிறேன். எர்த்து, நியூட்ரல், டிபி பெட்டி, இ.எல்.சி.பி. இவையெல்லாம் எங்கள் வீட்டுத் தமிழில் எப்போதோ குடியுரிமை பெற்றுவிட்டவை.

அப்பா பிறந்தது தோட்டத்து லயத்தில். அங்கே தோட்ட நிர்வாகத்தின் இன்ஜின்தான் மின்சாரம். மாலை ஆறரைக்குப் போடுவார்கள், இரவு பத்துக்கு நிறுத்துவார்கள். வீட்டுக்கு இரண்டு விளக்கு. அந்த வாழ்க்கையில் கரண்டு போவது செய்தியே அல்ல, வருவதுதான் செய்தி. இன்ஜின் கொட்டகையில் எடுபிடியாக நின்றுதான் அப்பா இந்தத் தொழிலுக்குள் வந்தார். பிறகு பட்டணத்துக்கு வந்து, படித்து, தேர்வு எழுதி, பென்டாவாய் உரிமம் வாங்கினார்.

லயத்தில் ஒரு பழக்கம் இருந்ததாம். பீங்கான் கட்டையில் இருக்கும் ஃபியூஸ் கம்பி அடிக்கடி எரிந்துபோகும். எரிந்ததும் யாராவது பழைய வயரை உரித்து, இரண்டு மூன்று செப்புக் கம்பிகளை முறுக்கி அந்த இடத்தில் கட்டிவிடுவார்கள். அதன்பிறகு ஃபியூஸ் எரியாது. ஒருநாள் கூரைக்குள் ஓடும் வயர்தான் எரியும். “எரியறதுக்குன்னு வெச்ச கம்பிய எரியவிடல, எரியக்கூடாத கம்பி எரிஞ்சுது” என்பார் அப்பா. கட்டையும் கம்பியும் போய் இன்று பெட்டிக்குள் எம்.சி.பி.யும் இ.எல்.சி.பி.யும் வந்துவிட்டன. விழுவதை விழவிடாமல் செய்யும் அந்தக் குணம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை.

பொறியியல் படிக்கச் சேர்ந்த முதல் ஆண்டிலேயே எனக்கு ஓர் உண்மை தெளிவாயிற்று. எம்.சி.பி. என்பது நமக்காக வைத்ததல்ல, வயருக்காக வைத்தது. ஒரு சிறு கணக்குப் போட்டால் புரியும். நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். நனைந்த உடலின் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஷாக் அடிக்கும்போது நம் உடல்வழியே பாய்வது 0.23 ஆம்பியர். பிளக்குகளுக்கான எம்.சி.பி. 20 ஆம்பியருக்கு மேல் போனால்தான் அசையும். அதன் கண்ணுக்கு, ஷாக் அடித்துத் துடிக்கும் மனிதன் ஒரு மேசை விளக்கைவிடச் சற்றுப் பெரிய சுமை, அவ்வளவுதான். அது விழவே விழாது.

ஆளுக்காக வைத்தது இ.எல்.சி.பி. இன்றைய நூல்களில் ஆர்.சி.சி.பி. என்று இருக்கும், வாய்ப்பேச்சில் பழைய பெயரே நிலைத்துவிட்டது. அது செய்வது ஒரு கணக்குப்பிள்ளை வேலை. லைவ் கம்பியில் போன மின்னோட்டம் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் குறைந்தால், அந்தக் குறை வேறெங்கோ வழியாக, சுவர் வழியாகவோ தண்ணீர்க் குழாய் வழியாகவோ ஒரு மனிதனின் கால் வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று பொருள். உடனே எல்லாவற்றையும் துண்டித்துவிடும். 30 மில்லி ஆம்பியர் வகை, தன் அளவைப்போல் ஐந்து மடங்கு கசிவைக் கண்டால் 0.04 விநாடிக்குள் துண்டிக்க வேண்டும் என்பது தர விதி. இதயத்தின் ஒரு துடிப்புக்கு ஆகும் நேரத்தில் அது ஒரு சிறு பகுதிதான்.

நம் நாட்டின் 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறைகள் இதற்கு அளவு வகுத்திருக்கின்றன. ஈரமாகக்கூடிய இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர், கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவிகளுக்கு 30, மற்றவற்றுக்கு 100. குளியலறை ஹீட்டருக்கு 10 என்பது இதிலிருந்து வந்ததே. ஆனால் 1980களில் கட்டிய எங்கள் வீடு போன்ற பல வீடுகளில் வீடு முழுவதற்கும் ஒரே ஓர் இ.எல்.சி.பி., அதுவும் 100. அது ஓரளவு காவல்; உயிர்க்காவல் என்று சொல்ல முடியாது. தென்பக்கத்து அண்டை நாடான சிங்கப்பூரில் 1985 முதல் புது வீடுகளுக்கு இக்கருவி கட்டாயம். அதற்கு முந்திய வீடுகளும் விடுபடக் கூடாது என்று 2023 ஜூலை முதல் தேதி சட்டம் நடப்புக்கு வந்து, 2025 ஜூலை வரை அவகாசம் தரப்பட்டது. பழைய வீடுகளுக்கும் சட்டம் பின்னோக்கிப் பாய்ந்தது எனக்குப் பிடித்திருக்கிறது. மின்சாரம் வீட்டின் வயதைப் பார்த்து அடிப்பதில்லை.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. நம் ஊரில் ஆண்டில் பாதி நாள்களுக்குமேல் எங்காவது இடி இடித்துக்கொண்டிருக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஒரு பெரிய மின்னல் அருகே விழுந்தால், எந்தக் கோளாறும் இல்லாமலேயே இ.எல்.சி.பி. விழலாம். வெளியூர் போயிருக்கும்போது விழுந்தால் குளிர்சாதனப் பெட்டியில் இருந்த மீனும் கறியும் நாறிப்போகும். கோபம் வருவது இயல்பே. அந்தக் கோபத்தில்தான் சிலர் ஒரு விபரீதத்தைச் செய்கிறார்கள்.

பந்திங்கில் இருக்கும் என் அத்தை வீட்டில், குளிக்கும்போது குழாயைத் தொட்டால் “சுருக்கு சுருக்குன்னு இருக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா போய்ப் பெட்டியைத் திறந்தார். இ.எல்.சி.பி. இருந்தது, ஆனால் வேலையில் இல்லை. உள்ளே வந்த கம்பியையும் வெளியே போகும் கம்பியையும் யாரோ நேராக முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். வீட்டைப் புதுப்பித்த குத்தகைக்காரர் வைத்த ஆள் செய்த வேலை. ஹீட்டர் போட்டால் டிரிப் ஆகிறது என்று அத்தை குறை சொல்லியிருக்கிறார். குறையை அவர் அப்படித் தீர்த்துவிட்டுப் போயிருக்கிறார். ஹீட்டரின் சூடாக்கும் கம்பி வெடித்துத் தண்ணீருக்குள் கசிந்துகொண்டிருந்தது. எர்த்துக் கம்பி ஒன்று நல்ல நிலையில் இருந்ததால் அத்தை இன்றைக்கும் எங்களோடு இருக்கிறார். அன்று அப்பா யாரையும் திட்டவில்லை. அந்த டேப்பைப் பிரித்து எடுத்து, உருட்டி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

டிரிப் ஆனால் என்ன செய்வது? அப்பா முறை எளிது. எல்லா எம்.சி.பி.யையும் கீழே தள்ளு. இ.எல்.சி.பி.யை ஏற்று. பிறகு ஒவ்வொன்றாக மேலே தள்ளிக்கொண்டே வா. எதில் விழுகிறதோ அந்தச் சுற்றில்தான் கோளாறு. அந்தச் சுற்றில் உள்ள பிளக்குகளை எல்லாம் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாக மறுபடி சொருகு. பெரும்பாலும் அகப்படுவது ஹீட்டராகவோ பழைய குளிர்சாதனப் பெட்டியாகவோ மழையில் நனைந்த கேட்டு விளக்காகவோ இருக்கும். எல்லா எம்.சி.பி.யும் கீழே இருக்கும்போதே இ.எல்.சி.பி. நிற்க மறுத்தால், நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். எம்.சி.பி. லைவை மட்டும்தான் துண்டிக்கும் என்பதால் அதை நாமாகக் கண்டுபிடிக்க முடியாது. அப்போது உரிமம் உள்ளவரைக் கூப்பிட வேண்டியதுதான்.

வளாகத்துக்கு வெளியே வாடகை வீட்டில் தங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்காக ஓர் இடைச்செருகல். என் இரண்டாம் ஆண்டில் எட்டுப் பேர் ஒரு மாடி வீட்டில் இருந்தோம். ஹாலில் ஒரே எக்ஸ்டென்ஷன்; அதில் சோற்றுப்பானை, கெட்டில், இஸ்திரிப் பெட்டி, நான்கு மடிக்கணினி. 13 ஆம்பியர் பிளக் தாங்குவது ஏறக்குறைய 3,000 வாட். கெட்டில் மட்டுமே 2,000க்கு மேல் இழுக்கும். காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பும்போது அந்த வயர் கையில் தொட்டால் சூடாக இருக்கும். குடிபோன அன்றே நான் டிபி பெட்டியைத் திறந்து ‘டி’ என்று எழுதியிருக்கும் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். இ.எல்.சி.பி. அசையவில்லை. செத்துப்போயிருந்தது. வீட்டுக்காரர் மாற்றித் தர மூன்று வாரம் இழுத்தடித்தார். எட்டுப் பேரும் சேர்ந்து வாடகையைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் மறுநாளே ஆள் வந்தது. மாதம் ஒருமுறை அந்தப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஒரு நொடிதான் ஆகும். மணியைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டியது சோற்றுப்பானையை மட்டுமே.

இனிப் பாட்டியின் கதை. அப்பாவைப் பெற்ற பாட்டிக்கு நுரையீரல் கோளாறு. 2021இல் மருத்துவர் வீட்டிலேயே ஆக்சிஜன் கொடுக்கச் சொல்லிவிட்டார். கீழ்வீட்டு அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கருவி. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய்வழியே மூக்குக்கு அனுப்பும். ஏறத்தாழ 350 வாட் இழுக்கும், இரவு பகலாக உறுமிக்கொண்டே இருக்கும். அந்த ஆண்டு டிசம்பர் 18, சனிக்கிழமை, கிள்ளான் பள்ளத்தாக்கில் வெள்ளம். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளுக்குள் கூரையளவு தண்ணீர் ஏறிய அந்த வெள்ளம்தான். கிள்ளானில் எங்கள் வரிசையில் வாசற்படியோடு தண்ணீர் நின்றுவிட்டது. ஆனால் வெள்ளம் சூழ்ந்த பகுதிகளில் உயிர்ச்சேதம் நேராமல் இருக்க மின்வாரியமே துணை மின்நிலையங்களை நிறுத்தியது. எங்கள் வீடும் இருண்டது. கருவி நின்று ‘பீப் பீப்’ என்று அலற ஆரம்பித்தது.

கைவசம் ஓர் ஆக்சிஜன் உருளை இருந்தது. 1,360 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் பாட்டிக்கு அது பதினொரு மணி நேரம் வரும். அதை மாட்டிவிட்டு அப்பா மணியைப் பார்த்தார். தண்ணீர் எப்போது வடியும், கரண்டு எப்போது வரும், யாருக்குத் தெரியும்?

நான்கு வீடு தள்ளியிருந்த அங்கிள் ஓடி வந்தார். இரவுச் சந்தையில் கடை போடுபவர். அவரிடம் பெட்ரோல் ஜெனரேட்டர் இருந்தது. கூடவே ஒரு வயரும் கொண்டு வந்தார். இரு முனையிலும் பிளக் உள்ள வயர். “அண்ணே, ஒரு பக்கத்த ஜென்செட்டுல சொருகுங்க, இன்னொரு பக்கத்த ஹால் பிளக்குல சொருகுங்க. வீடு பூரா லைட்டு எரியும். நான் எப்பவும் அப்படித்தான் செய்வேன்.” அப்பா ஜெனரேட்டரை வாங்கிக்கொண்டார். வயரை வாங்கவில்லை.

அந்த இடத்தில் அப்பா அவசரப்படவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. உள்ளே தன் தாய்க்கு மூச்சு உருளையில் எண்ணப்படுகிறது. அவரோ அந்த மனிதருக்கு நின்று விளக்கிக்கொண்டிருந்தார். அந்த வயரின் ஒரு முனை கழன்றால் பிளக்கின் மூன்று காலும் வெளியே தெரிய, அதில் 230 வோல்ட் நிற்கும். தொட்ட பிள்ளை போய்விடும். அது ஒன்று. ஹால் பிளக்குக்குள் போகும் மின்சாரம் அந்த வீட்டோடு நிற்காது என்பது மற்றொன்று. டிபி பெட்டியையும் மீட்டரையும் தாண்டித் தெருக்கம்பிக்கு ஏறும். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை இறக்கித் தரும் கருவி. பின்பக்கமாகக் கொடுத்தால் அது அதே விகிதத்தில் ஏற்றியும் தரும். கரண்டு நிறுத்தப்பட்டிருக்கிறது என்று நம்பி இடுப்பளவுத் தண்ணீரில் கம்பியில் கை வைக்கும் மின்வாரிய ஊழியருக்கு, நம் வீட்டு ஜெனரேட்டர் எமனாகும். “அவனும் ஒரு வீட்டுப் பிள்ளதானே” என்றார் அப்பா. அங்கிள் அந்த வயரைச் சுருட்டிக் கொண்டுபோய்விட்டார். பிறகு அதை வெட்டிப் போட்டாரா என்று எனக்குத் தெரியாது; அப்பா அடுத்த வாரம் போய்க் கேட்டிருப்பார், அவர் குணம் அப்படி.

ஜெனரேட்டரை வாசலுக்கு வெளியே, சன்னல்களுக்கு எட்டாத தூரத்தில், மேடான இடத்தில் வைத்தோம். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. போர்ச்சில் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவது அந்த இரட்டைத் தலை வயருக்குச் சற்றும் குறையாத ஆபத்து. மீட்டர் வைத்து வோல்டேஜ் பார்த்துவிட்டு, கனமான ஓர் எக்ஸ்டென்ஷனை நேராகக் கருவிவரை இழுத்தார். வீட்டு வயரிங்கோடு எந்தத் தொடர்பும் இல்லை. வீடு இருட்டாகவே இருந்தது. கருவி மட்டும் உறுமியது. பாட்டி தூங்கிவிட்டார்.

தண்ணீர் வடிந்த பிறகு ஒரு வாரம் அப்பாவை வீட்டில் பார்க்க முடியவில்லை. தெரிந்தவர் தெரியாதவர் வீடுகளுக்கெல்லாம் மெக்கரைத் தூக்கிக்கொண்டு போனார். வெள்ளம் ஏறிய வீட்டில் பிளக்குகள் காய்ந்துவிட்டதுபோல் தோன்றும். உள்ளே சேறு இருக்கும். 500 வோல்ட் கொடுத்துச் சோதித்து, வயரின் காப்பு 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்தச் சுற்றுக்குக் கரண்டு கொடுக்க மாட்டார். எத்தனை கெஞ்சினாலும் மாட்டார்.

எங்கள் வீட்டுக்கு நிரந்தர ஏற்பாடு அதற்குப் பிறகுதான் வந்தது. எனக்கும் அப்பாவுக்கும் மேசையில் ஒரு தாளை வைத்துக் கணக்குப் போட ஒரு மாலை ஆனது. கருவி 350, மின்விசிறி 60, இரண்டு எல்.இ.டி. விளக்கு 20. மொத்தம் 430 வாட். கார் பேட்டரி போன்ற 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரியில் எழுத்தில் 1,200 வாட்-மணி இருக்கும்; பாதிக்குமேல் எடுத்தால் அது சீக்கிரம் கெட்டுப்போகும்; இன்வெர்ட்டர் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். ஆக, ஒன்றேகால் மணி நேரம்கூட நிச்சயமில்லை. 24 வோல்ட் 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி என்றால் ஏழரை மணி நேரம். விலையைக் கேட்டு அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். சித்தப்பாக்கள் இருவரும் பங்கு போட்டார்கள். கூரையில் சூரியத் தகடு போட்டால் போதாதா என்று ஒரு சித்தப்பா கேட்டார். மின்வாரியக் கம்பியோடு இணைத்த சாதாரணத் தகடு, ஊருக்குக் கரண்டு போனால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவரைக் காக்கவே அப்படிச் செய்திருக்கிறார்கள். பலர் தகடு போட்ட பிறகுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

பாட்டி அறைப் பிளக்கையும் கீழ்வீட்டு விளக்குச் சுற்றையும் மட்டும் பிரித்து, அவற்றுக்குத் தனியாக ஒரு சின்னப் பெட்டி வைத்தார். அதற்கு முன்னால் மூன்று நிலை மாற்றுச் சுவிட்சு. 1 என்றால் மின்வாரியம், 2 என்றால் பேட்டரி, நடுவில் 0. ஒன்றை விடாமல் மற்றதைத் தொட முடியாது. லைவ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்தே மாற்றும். பேட்டரி பக்கத்து நியூட்ரலை எர்த்தோடு முறையாக இணைத்தார். அந்த இணைப்பு இல்லாவிட்டால் கசியும் மின்சாரத்துக்குத் திரும்பி வர வழி இருக்காது; இ.எல்.சி.பி. கண்ணிருந்தும் பார்க்காது. சின்னப் பெட்டிக்கு 30 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி.

எல்லாம் முடிந்து சுவிட்சைப் போட்டால், மாடிப்படி விளக்கை ஏற்றும்போதெல்லாம் புது இ.எல்.சி.பி. விழுந்தது. இரண்டு மாலை தேடினோம். வீடு கட்டிய காலத்தில் யாரோ அந்த விளக்குக்கு லைவைக் கீழ்ச் சுற்றிலிருந்தும் நியூட்ரலை மேல் சுற்றிலிருந்தும் எடுத்திருந்தார்கள். ஒரு வயர் மிச்சம் பிடிக்கும் பழைய தந்திரம். “இரவல் நியூட்ரல்” என்றார் அப்பா. முப்பத்தைந்து ஆண்டுகளாக எந்தத் தொல்லையும் தராமல் அது அங்கே இருந்திருக்கிறது. மேல் சுற்றை அடைத்துவிட்டோம் என்று நம்பி எவராவது அந்த நியூட்ரலைக் கழற்றியிருந்தால்? புது வயர் இழுத்தோம். சோதனை முடித்து போராங் ஜி, போராங் எச் இரண்டையும் பூர்த்தி செய்து கோப்பில் வைத்தார். சொந்த வீட்டுக்குக்கூடவா என்று அம்மா கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

கடைசியாக லேபிள். பெட்டிகளில் பொதுவாக ஆங்கிலத்தில் ஏதாவது எழுதியிருக்கும், அல்லது எதுவும் இருக்காது. பகலில் வீட்டில் தனியாக இருப்பது பாட்டிதான். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான்காம் வகுப்புவரை படித்தவர்; தமிழ் மட்டும்தான் வாசிப்பார். அதனால் மாற்றுச் சுவிட்சைச் சின்னப் பெட்டியோடு கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில், கை எட்டும் உயரத்தில் வைத்து, அப்பா தன் கையெழுத்திலேயே தமிழில் எழுதி ஒட்டினார். ‘1 வெளிக் கரண்டு’, ‘0 நிறுத்து’, ‘2 பேட்டரி’. கருவி அலறினால் என்ன செய்ய வேண்டும் என்று பாட்டிக்கு மூன்று முறை செய்து காட்டி, மூன்று முறை அவரையே செய்ய வைத்தோம். வாசல் கதவுக்கு மேலே இருக்கும் பெரிய பெட்டிக்கும் அன்றே தமிழில் லேபிள் வந்தது.

பாட்டி எழுத்துக்களை ஒவ்வொன்றாக விரல் வைத்து வாசித்தார். பிறகு டிவி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கேட்டார். “அது பெரிய பெட்டில இருக்குமா, கரண்டு போனா நின்னுடும்” என்றார் அப்பா. சாயங்காலம் ஏழு மணிச் சீரியல் நேரத்தில் கரண்டு போனால் என்ன செய்வது என்பது பாட்டியின் அடுத்த கேள்வி. அப்பா என்னைப் பார்த்தார். நான் டிவியின் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். 60 வாட். தாளை எடுத்து, ஏழரை மணி நேரத்தை அடித்துவிட்டு ஆறரை என்று எழுதினோம்.